சேவையகத்தில் கோப்புப் பதிவேற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிவத்துடன் புகைப்படம், சான்றிதழ், பிடிஎஃப் முதலியவற்றைப் பெற்றுக்கொள்ளும் வலைத்தளங்களை உருவாக்குவோரும் பராமரிப்போரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கு நான் சொல்லி வரும் விடைகளும் இங்கே உள்ளன. எடுத்துக்காட்டுகள் பிஎச்பி மொழியையும், அதற்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கித் தரும் எஞ்சின்எக்ஸ், அப்பாச்சி ஆகியவற்றையும் ஒட்டியவை. வேறு மொழியில் எழுதுவோருக்குப் பெயர்கள் மாறுமே தவிர, சிக்கல்கள் பெரும்பாலும் இவைதாம்.

பயனர் கோப்பைத் தேர்ந்தெடுத்து அனுப்பியதும் சேவையகத்தில் என்ன நடக்கிறது?

உலாவி படிவத்தைப் பல துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே ஓர் எல்லைச் சரத்தை இட்டு, எல்லாவற்றையும் ஒரே கோரிக்கையாக அனுப்புகிறது. மல்ட்டிபார்ட் எனப்படும் இந்த முறை 1995 நவம்பரில் ஆர்எஃப்சி 1867 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தில் முன்வைக்கப்பட்டது. இப்போது நடப்பிலிருப்பது 2015இல் வெளிவந்த ஆர்எஃப்சி 7578. ஒவ்வொரு துண்டின் தலையிலும் புலத்தின் பெயரும், கோப்பாக இருந்தால் கோப்பின் பெயரும் வகையும் எழுதப்பட்டிருக்கும். இந்த மூன்றையும் எழுதுவது உலாவி. அல்லது உலாவியைப் போல நடிக்கும் ஏதோ ஒரு நிரல். இதை மனத்தில் இருத்திக்கொண்டால் கீழே வரும் பல விடைகள் தாமாகவே விளங்கும்.

பிஎச்பி அந்தக் கோப்பை ஒரு தற்காலிகக் கோப்புறையில் எழுதிவைத்து, அதன் விவரங்களை 'ஃபைல்ஸ்' என்னும் பொதுமாறியில் தருகிறது. நம் நிரல் அதை 'மூவ்_அப்லோடட்_ஃபைல்' என்ற செயற்கூற்றால் வேறிடத்துக்கு நகர்த்தாவிட்டால், கோரிக்கை முடிந்தவுடன் தற்காலிகக் கோப்பு அழிக்கப்பட்டுவிடும். இங்கே பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு: நம் நிரலின் முதல் வரி இயங்கத் தொடங்கும் முன்பே கோப்பு முழுவதும் வந்து வட்டில் அமர்ந்துவிடுகிறது. ஆகவே, 'உள்நுழைந்தவர் மட்டுமே பதிவேற்றலாம்' என்று நிரலில் எழுதிய சோதனை, கோப்பை ஏற்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்குமே ஒழிய, அது வந்து சேர்வதைத் தடுக்காது. வட்டில் இடத்தை நிரப்ப நினைப்பவரைத் தடுக்கும் வரம்புகள் நிரலுக்கு முன்னாலேயே இருக்க வேண்டும்.

கோப்பே வந்து சேரவில்லை; பெயர் மட்டும் வருகிறது. ஏன்?

படிவத்தின் குறியீட்டு வகை மல்ட்டிபார்ட் என்று குறிப்பிடப்படவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். அது இல்லாவிட்டால் உலாவி கோப்பின் உள்ளடக்கத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் சாதாரண உரையாக அனுப்பும். படிவத்தின் முறை 'போஸ்ட்' ஆக இருக்கிறதா, உள்ளீட்டுப் புலத்துக்குப் பெயர் இடப்பட்டிருக்கிறதா என்பவற்றையும் பார்த்துவிடுங்கள்.

சிறிய கோப்பு ஏறுகிறது, பெரியது ஏறவில்லை. எந்த வரம்பை உயர்த்துவது?

வரம்பு ஓரிடத்தில் இல்லை. வரிசையாகப் பல வாசல்கள் உள்ளன, ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாக மறுக்கும். முதல் வாசல் எஞ்சின்எக்ஸ். அதன் இயல்பான வரம்பு 1 எம்பி. மீறினால் 413 என்ற பிழையைத் திருப்பும், கோரிக்கை பிஎச்பியை எட்டவே எட்டாது. இரண்டாவது, 'போஸ்ட்_மேக்ஸ்_சைஸ்': மொத்தக் கோரிக்கைக்குமான வரம்பு, இயல்பாக 8 எம்பி. மூன்றாவது, 'அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ்': ஒரு தனிக் கோப்புக்கான வரம்பு, இயல்பாக 2 எம்பி. நான்காவது, ஒரே கோரிக்கையில் எத்தனை கோப்புகள் வரலாம் என்பது, இயல்பாக 20. இருபத்தோராவது கோப்பு கைவிடப்படும்போது பயனருக்கு எந்தச் செய்தியும் தானாகப் போய்ச் சேராது. முன்னால் வேறொரு இடைச்சேவை இருந்தால் அதற்கும் தனி வரம்பு உண்டு. கிளவுட்ஃபிளேரின் இலவசத் திட்டத்தில் அது 100 எம்பி.

இவற்றுள் மிகுந்த குழப்பம் தருவது இரண்டாவது வாசல். தனிக் கோப்பின் வரம்பு மீறப்பட்டால், 'ஃபைல்ஸ்' மாறியில் பிழை எண் 1 வரும். நாம் அதைப் படித்துப் பயனரிடம் சொல்லிவிடலாம். மொத்த வரம்பு மீறப்பட்டாலோ பிழை எண் எதுவும் வராது. 'போஸ்ட்', 'ஃபைல்ஸ்' ஆகிய இரு மாறிகளும் வெறுமையாகி, பயனர் ஒன்றுமே அனுப்பாததைப் போல நிரல் தொடர்ந்து இயங்கும்.

நான் பராமரித்து வந்த ஒரு மாணவர் சேர்க்கைத் தளத்தில் விண்ணப்பிப்பதற்கான கடைசி நாளன்று இதுதான் நடந்தது. கைப்பேசியில் எடுத்த சான்றிதழ்ப் படங்கள் பெரிதாக இருக்கின்றன என்று தனிக் கோப்பின் வரம்பை 5 எம்பியாக உயர்த்தியிருந்தேன். மொத்த வரம்பைத் தொடவில்லை. மூன்று சான்றிதழ்களை ஒன்றாக அனுப்பிய மாணவர்களின் கோரிக்கை 8 எம்பியைத் தாண்டியது. 'போஸ்ட்' வெறுமையானதால் போலிக் கோரிக்கையைத் தடுப்பதற்காகப் படிவத்தில் வைத்திருந்த மறைச்சொல்லும் காணாமல் போயிற்று. அதைத் தேடிய நிரல், 'உங்கள் அமர்வு காலாவதியாகிவிட்டது, மீண்டும் உள்நுழையவும்' என்றது. மாணவர்கள் மீண்டும் உள்நுழைந்தார்கள், மீண்டும் அதே மூன்று படங்களை இணைத்தார்கள், மீண்டும் அதே செய்தியைப் பார்த்தார்கள். பிழைப் பதிவேட்டில் கோரிக்கையின் அளவு 83,88,608 பைட் வரம்பை மீறியதாக ஒரு வரி திரும்பத் திரும்ப இருந்ததைப் பிற்பகலில்தான் பார்த்தேன். அதுவரை எத்தனை பேர் தம் கைப்பேசியையோ இணைய இணைப்பையோ நொந்துகொண்டார்கள் என்று எண்ணினால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஆகவே, போஸ்ட் முறையில் வந்த கோரிக்கையில் இரு மாறிகளும் வெறுமையாக இருந்து, உள்ளடக்க நீளம் மட்டும் வரம்புக்கு மேல் இருந்தால், மற்ற எந்தச் சோதனைக்கும் முன்பாக 'இணைப்புகளின் மொத்த அளவு மிகுதி' என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வரம்புகளை அமைக்கும்போது தனிக் கோப்பைவிட மொத்தக் கோரிக்கைக்கும், அதைவிட எஞ்சின்எக்ஸுக்கும் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். அப்போதுதான் மறுப்பு, விளக்கம் சொல்லத் தெரிந்த வாசலில் நிகழும்.

மற்ற பிழை எண்கள் எவற்றைக் குறிக்கின்றன?

0 என்றால் குறையில்லாமல் வந்துவிட்டது. 3 என்றால் பாதியில் அறுந்துவிட்டது. பயனரை மீண்டும் முயலச் சொல்லலாம். 4 என்றால் கோப்பு எதுவும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. கட்டாயமில்லாத புலமாக இருந்தால் இது பிழையே அன்று. 6, 7 ஆகியவை நம் பக்கத்துக் கோளாறுகள்: தற்காலிகக் கோப்புறை இல்லை, அல்லது வட்டில் எழுத முடியவில்லை. இவற்றுக்காகப் பயனரைத் திருத்தச் சொல்லாதீர்கள்; நிர்வாகிக்கு எச்சரிக்கை அனுப்புங்கள். 'மேக்ஸ்_ஃபைல்_சைஸ்' என்ற மறைபுலத்தைப் படிவத்தில் இட்டிருந்தால், அதை மீறும்போது 2 வரும். பயனர் பக்கத்திலேயே மாற்றிவிடக்கூடிய அந்தப் புலத்தைப் பாதுகாப்பாக எண்ணிவிடக் கூடாது.

உலாவி அனுப்பும் வகையைப் பார்த்து, படம்தான் வந்திருக்கிறது என்று முடிவு செய்யலாமா?

கூடாது. 'இது ஜேபெக் படம்' என்று தலைப்பில் எழுதி எதை வேண்டுமானாலும் அனுப்ப ஒரு வரிக் கட்டளை போதும். கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஜேபெக் கோப்பு 255, 216, 255 என்ற மூன்று பைட்டுகளுடன் தொடங்கும். பிஎன்ஜி கோப்பின் முதல் எட்டு பைட்டுகள் 137, 80, 78, 71, 13, 10, 26, 10. இத்தகைய அடையாளங்களைப் பார்த்து வகையைச் சொல்வதற்காகவே பிஎச்பியில் 'ஃபைல்இன்ஃபோ' என்ற நீட்சி உள்ளது. ஆனால் அதுவும் அறுதியான சான்று அன்று. முறையான படத் தலைப்புடன் தொடங்கி, நடுவே பிஎச்பி நிரலைச் சுமந்து வரும் கோப்பை அந்தச் சோதனை படம் என்றே சொல்லும். ஏனெனில் அது படமும்தான். அப்படிப்பட்ட கோப்பு தீங்கு செய்யுமா செய்யாதா என்பது, அதை எந்தப் பெயரில் எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

அப்படியானால் நீட்டிப்பைச் சோதித்தால் போதுமா?

கோப்புப் பெயரின் இறுதியில் புள்ளிக்குப் பின் வரும் நீட்டிப்பைச் சோதிப்பது தேவை. ஆனால் எவை கூடாது என்று பட்டியலிடாமல், எவை மட்டும் கூடும் என்று பட்டியலிடுங்கள். 'பிஎச்பி' என்ற நீட்டிப்பைத் தடுத்தவர்கள் 'பிஎச்டிஎம்எல்', 'ஃபார்' போன்றவற்றை மறந்துவிடுகிறார்கள். அப்பாச்சியில் நிரல்களைக் கையாளும் விதியைப் பழைய முறையில் எழுதியிருந்தால், 'படம்' என்ற பெயருக்குப் பின் 'பிஎச்பி', அதற்கும் பின் 'ஜேபிஜி' என இரட்டை நீட்டிப்புடன் வரும் கோப்பையும் அது நிரலாக இயக்கிவிடும். புள்ளியில் தொடங்கும் 'எச்டிஅக்சஸ்' என்ற பெயரில் ஒரு கோப்பை ஏற்றி, அந்தக் கோப்புறையின் விதிகளையே மாற்றிவிடும் வழியும் உண்டு.

என் பரிந்துரை இன்னும் நேரானது: பயனர் தரும் நீட்டிப்பையே வட்டில் பயன்படுத்தாதீர்கள். உள்ளடக்கத்தைப் பார்த்து வகையை நீங்கள் முடிவு செய்து, அந்த வகைக்குரிய நீட்டிப்பை நீங்களே இடுங்கள். பெயரையும் நீங்களே உருவாக்குங்கள். 16 தற்போக்குப் பைட்டுகளை எடுத்துப் பதினறும எண்ணாக மாற்றினால் 32 எழுத்துகளில் ஒரு பெயர் கிடைக்கும், யாராலும் அதை ஊகிக்க முடியாது. 'மூவ்_அப்லோடட்_ஃபைல்' ஏற்கெனவே அதே பெயரில் இருக்கும் கோப்பைக் கேட்காமல் மேலெழுதிவிடும் என்பதால், இருவர் 'போட்டோ' என்றே பெயரிட்டு அனுப்பினாலும் ஒருவர் கோப்பை மற்றவர் கோப்பு அழிக்காமல் இருப்பதற்கும் இதுவே வழி.

கோப்புகளை எங்கே சேமிப்பது?

வலைத்தளத்தின் பொதுக் கோப்புறைக்கு வெளியே. முகவரியைத் தட்டச்சு செய்து நேரடியாக எட்ட முடியாத இடத்தில் கோப்பு இருந்தால், அதற்குள் எந்த நிரல் ஒளிந்திருந்தாலும் அதை இயக்க வைக்க வெளியாளுக்கு வழியில்லை. கோப்பைக் கேட்பவருக்கு ஒரு நிரல் வழியாகக் கொடுங்கள். கேட்பவருக்கு அதைப் பார்க்கும் உரிமை உண்டா என்பதையும் அங்கேயே சோதிக்கலாம். கோப்பை வாசித்து அனுப்பும் சுமை பிஎச்பிக்கு வேண்டாம் என்றால், உரிமைச் சோதனையை மட்டும் நிரல் செய்துவிட்டு, 'எக்ஸ்-ஆக்செல்-ரீடைரெக்ட்' என்ற தலைப்பின் மூலம் அனுப்பும் வேலையை எஞ்சின்எக்ஸிடம் ஒப்படைக்கலாம்.

கொடுக்கும்போது மூன்று தலைப்புகள் முக்கியம்: நீங்கள் உறுதிசெய்த வகை, உலாவி தானாக வகையை ஊகிக்கக் கூடாது என்னும் 'நோஸ்னிஃப்', படம் அல்லாதவற்றுக்கு, திறக்காமல் பதிவிறக்கு என்னும் 'அட்டாச்மென்ட்'. எஸ்விஜி கோப்பைப் படம் என்று எண்ணி ஏற்பவர்கள், அது உண்மையில் ஜாவாஸ்கிரிப்டைச் சுமக்கக்கூடிய எக்ஸ்எம்எல் ஆவணம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அதை உங்கள் தளத்தின் முகவரியிலேயே நேரடியாகத் திறந்தால், உள்நுழைந்திருக்கும் பயனரின் பெயரால் அது செயல்பட முடியும். கூகுளும் கிட்ஹப்பும் பயனர்கள் ஏற்றியவற்றைத் தம் முதன்மை முகவரியில் தராமல் தனி டொமைனிலிருந்து தருவதற்கு இத்தகைய ஆபத்தே காரணம்.

தமிழில் பெயரிட்ட கோப்புகள் ஏன் தகராறு செய்கின்றன?

இந்தக் கேள்வியைக் கேட்டதும் 'ஆங்கிலத்தில் பெயரிட்டு அனுப்புங்கள்' என்று பயனர்களுக்கு அறிவிப்பு வைத்துவிடும் தளங்களைப் பார்க்கிறேன். அது தீர்வன்று, தம் மொழியில் கோப்புக்குப் பெயரிட ஒருவருக்கு உள்ள உரிமையை நிரலரின் வசதிக்காக மறுப்பது. சிக்கல் எங்கே எழுகிறது என்று தெரிந்தால் தீர்ப்பது கடினமே இல்லை.

முதலாவது, நீளம். யுடிஎஃப்-8 குறிமுறையில் தமிழின் ஒவ்வொரு குறியுருவும் மூன்று பைட் எடுக்கும். புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனிக் குறியுருக்களே. 'கோரிக்கை' என்ற சொல் நம் கண்ணுக்கு நான்கே எழுத்து. கணினிக்கு எட்டுக் குறியுரு, 24 பைட். லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 கோப்பமைப்பில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் இருக்க முடியாது. அதாவது 85 தமிழ்க் குறியுருக்கள். 'வருமானச் சான்றிதழ் திருத்தப்பட்டது புதியது' என்று விரித்துப் பெயரிட்டாலே அந்த எல்லையில் ஏறத்தாழப் பாதி தீர்ந்துவிடும். நீளத்தைக் குறைக்க பைட் கணக்கில் வெட்டினால், ஒரு குறியுருவின் நடுவே வெட்டுப்பட்டு முறையற்ற சரமாகிவிடும். 255 மூன்றால் வகுபடும் எண்ணாக இருந்தாலும், நடுவே ஓர் இடைவெளியோ எண்ணோ வந்துவிட்டால் கணக்கு நழுவிவிடும்.

இரண்டாவது, ஒரே சொல்லுக்கு இரு வடிவம். 'கோ' என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியுருவாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். யுனிகோட் இரண்டையும் சமமானவை என்கிறது, ஆனால் பைட்டுகள் வேறு. ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பமைப்பு பெயர்களைப் பிரித்த வடிவில்தான் வைத்தது; அங்கிருந்து வரும் 'கோரிக்கை' 24 பைட்டாக இராமல் 27 பைட்டாக இருக்கும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தரவுத்தளத்தில் ஒரு வடிவமும் வட்டில் மற்றொரு வடிவமும் இருந்தால், கண்முன் இருக்கும் கோப்பை நிரல் 'இல்லை' என்று சொல்லும். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் வரும் பெயர்களில் மட்டும் இந்தக் கோளாறு தோன்றுவதால், காரணம் பிடிபடாமல் நாள்கணக்கில் அலைய நேரும்.

தீர்வு இதுதான்: வட்டில் நீங்கள் உருவாக்கிய தற்போக்குப் பெயர்; தரவுத்தளத்தில் பயனர் இட்ட பெயர். பின்னதைச் சேமிக்கும் முன் பிஎச்பியின் 'நார்மலைசர்' வகுப்பைக் கொண்டு சேர்த்தெழுதும் வடிவத்துக்கு மாற்றி, கட்டுப்பாட்டுக் குறிகளையும் எழுத்தோட்டத்தைத் திருப்பும் மறைகுறிகளையும் நீக்கிவிடுங்கள். திரும்பத் தரும்போது தலைப்பில் 'ஃபைல்நேம்' என்பதுடன், யுடிஎஃப்-8 பெயருக்கென்றே உள்ள, உடுக்குறியுடன் கூடிய 'ஃபைல்நேம்' அளவுருவையும் சேருங்கள். 'கோரிக்கை' என்று அனுப்பியவருக்குக் 'கோரிக்கை' என்றே திரும்பிப் போகும்.

படங்களை மட்டும் ஏற்கிறோம். தனியாகக் கவனிக்க வேண்டியவை உண்டா?

கோப்பின் அளவும் படத்தின் அளவும் ஒன்றல்ல. ஒரே நிறத்தில் நிரப்பிய 12,000க்கு 9,000 பிக்சல் பிஎன்ஜி படம் வட்டில் மிகச் சிறிதாக இருக்கலாம். அதை நினைவகத்தில் விரித்தால் பிக்சலுக்கு 4 பைட் வீதம் 43 கோடி பைட்டுக்கு மேல் வேண்டும். பிஎச்பியின் இயல்பான நினைவக வரம்பு 128 எம்பி. ஆகவே 'கெட்இமேஜ்சைஸ்' மூலம் நீள அகலத்தைப் பார்த்து, பெருக்குத் தொகை எல்லைக்குள் இருந்தால் மட்டும் படத்தைத் திறங்கள்.

திறந்த படத்தை மீண்டும் புதிதாக எழுதிச் சேமிப்பதை வலியுறுத்துவேன். நடுவே ஒளிந்திருக்கும் வேண்டாதவை பெரும்பாலும் அதில் உதிர்ந்துவிடும். கைப்பேசி படத்துக்குள் எழுதிவைக்கும் எக்ஸிஃப் விவரங்களும் போய்விடும். படம் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் அதில் இருக்கலாம். வீட்டில் எடுத்த படத்தைச் சுயவிவரப் பக்கத்தில் இடும் ஒருவர், தம் வீட்டு இருப்பிடத்தையும் சேர்த்து வெளியிடுகிறோம் என்பதை அறிந்திருக்க மாட்டார். அவருக்காக அதை நீக்கித் தருவது நம் கடமை. ஒன்றை மறந்துவிட வேண்டாம்: படத்தை எந்தப் பக்கம் திருப்பிக் காட்ட வேண்டும் என்ற குறிப்பும் எக்ஸிஃபில்தான் உள்ளது. அதைப் படித்துப் படத்தைத் திருப்பிய பிறகே நீக்க வேண்டும். இல்லையேல் நின்று எடுத்த படமெல்லாம் படுத்துக் கிடக்கும்.

படத்தைக் கையாளும் நூலகங்களையும் புதுப்பித்து வாருங்கள். 2016 மே மாதம் வெளியான 'இமேஜ்டிராஜிக்' என்னும் குறைபாட்டில், சூழ்ச்சியாக வடிவமைத்த ஒரு படத்தை இமேஜ்மேஜிக் நூலகத்திடம் கொடுத்தாலே சேவையகத்தில் கட்டளைகளை இயக்க முடிந்தது.

ஸிப் கோப்பை ஏற்று, சேவையகத்திலேயே பிரிக்கலாமா?

தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். '42 ஸிப்' என்று அறியப்படும் கோப்பு சுமார் 42 கேபி. அடுக்கடுக்காக முழுவதும் பிரித்தால் 4.5 பீட்டாபைட் வரை விரியும். தவிர, உள்ளிருக்கும் கோப்பின் பெயரில் மேல்கோப்புறைக்குச் செல்லும் இரட்டைப் புள்ளிகள் இருந்து, அதை அப்படியே நம்பி எழுதினால், நீங்கள் எண்ணாத இடத்தில் கோப்பு போய் அமரும். 2018இல் 'ஸிப் ஸ்லிப்' என்ற பெயரில் பேசப்பட்டது இதுவே. பிரித்தே ஆக வேண்டுமென்றால் உள்ளிருக்கும் கோப்புகளின் எண்ணிக்கைக்கும் விரிந்த மொத்த அளவுக்கும் வரம்பு வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஸிப்பில் குறித்திருக்கும் அளவை நம்பாமல், எழுதும்போதே எண்ணி வாருங்கள்.

தரவுத்தளத்தில் கோப்பையே வைக்கலாமா?

சிறிய, எண்ணிக்கையில் குறைந்த கோப்புகளுக்கு வைக்கலாம். காப்புநகல் ஒன்றாகவே எடுக்கப்படும் என்பது நன்மை. மற்றவற்றுக்கு வட்டு அல்லது அமேசான் எஸ்3 போன்று கோப்புகளை வைத்துத் தரும் இணையச் சேவையான பொருள் சேமிப்பகமே பொருத்தம். அப்போது வரிசை முக்கியம்: கோப்பை நகர்த்திய பிறகே தரவுத்தளத்தில் பதிவு எழுதுங்கள். நடுவே மின்சாரம் போனால் யாருக்கும் சொந்தமில்லாத கோப்பு ஒன்று மிஞ்சும், அதை இரவு நேர நிரலொன்று துடைத்துவிடும். வரிசையை மாற்றினால், பதிவு இருந்தும் கோப்பு இல்லாத விண்ணப்பம் மிஞ்சும். அதை எந்த நிரலாலும் மீட்க முடியாது.

பெரிய காணொளிகளுக்கும் இதே முறையா?

இல்லை. நூற்றுக்கணக்கான எம்பி அளவுள்ள கோப்பு ஒரே கோரிக்கையில் வரும்போது, இணைப்பு ஒருமுறை அறுந்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கோப்பைத் துண்டுகளாக அனுப்பி, விட்ட இடத்திலிருந்து தொடரும் 'டஸ்' நெறிமுறையைப் பார்க்கலாம். அல்லது சேவையகம் குறுகிய காலமே செல்லுபடியாகும் கையொப்பமிட்ட முகவரியைத் தர, உலாவி நேரடியாகப் பொருள் சேமிப்பகத்துக்கே அனுப்பலாம். அமேசான் எஸ்3இல் ஒரே கோரிக்கையில் 5 ஜிபி வரை இப்படி ஏற்றலாம். அங்கு வந்து சேர்ந்த பிறகும் மேலே சொன்ன வகைச் சோதனைகள் நடந்தாக வேண்டும். அதுவரை அந்தக் கோப்பு யாருக்கும் தெரியக் கூடாது.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

தளத்தைத் திறந்துவிடும் முன் நான் ஏற்றிப் பார்க்கும் கோப்புகள் சில உண்டு. பூச்சிய பைட் கோப்பு. தனி வரம்பை ஒரே ஒரு பைட்டால் மீறும் கோப்பு. தனித்தனியே வரம்புக்குள் இருந்து, மொத்தத்தில் மீறும் மூன்று கோப்புகள். நீட்டிப்பை ஜேபிஜி என மாற்றிய பிஎச்பி கோப்பு. மிகப் பெரிய நீள அகலம் கொண்ட வெள்ளைப் பிஎன்ஜி. நச்சுநிரல் தேடும் கிளாம்ஏவி இணைத்திருந்தால், அதைச் சோதிப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட, தீங்கற்ற 68 பைட் ஐகார் கோப்பு. 'கோரிக்கை' என்று இருவிதமாகப் பெயரிட்ட இரு பிடிஎஃப்கள். ஒவ்வொன்றையும் ஏற்றி, ஏற்கப்பட்டதா மறுக்கப்பட்டதா என்பதோடு நிற்காமல், திரையில் வந்த செய்தியை உரக்கப் படித்துப் பாருங்கள். கடைசி நாளன்று, வேகம் குறைந்த இணைப்பில், கைப்பேசியில் அந்தச் செய்தியைப் படிக்கும் மாணவருக்கு அடுத்து என்ன செய்வது என்று அதிலிருந்து தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்தச் சோதனை தேறவில்லை என்றே நான் குறித்துக்கொள்கிறேன்.